ஆவடிக்கு ரூம் ஹீட்டர் எதற்கு?

அம்பத்தூர்
மார்கழி 3

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று நீ போனில் பேசும்போது பின்னால் உன் பெரியவன் போட்ட கூச்சலில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே என்னைத் தூங்கவிடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாலு வரி படித்துவிட்டுக் கட்டைவிரல் போட்டுவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதி மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் வேலையாக, பச்சைக் குழந்தைக்குக் குளிரும் என்று உன் மாமியார் சொல்லிப் போட்ட அந்த ரூம் ஹீட்டர் ஆர்டரை கேன்சல் செய்.

சம்பந்தியம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் குன்னூரில் பிள்ளை பெற்றவர். அங்கே மார்கழியில் கணப்பு இல்லாமல் பச்சைக் குழந்தையை வளர்க்க முடியாது. ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895-இலும் 1905-இலும். இப்போது மார்கழி விடியலில் ஆவடியில் 20, 21 இருந்தாலே ஸ்வெட்டரைத் தேடுகிறோம். பிறந்த குழந்தை இருக்கும் அறை 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் வீடு. ஃபேனை நிறுத்தி, வாடைக்காற்று வரும் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தினால் அறை அந்த அளவிலேயே நிற்கும். நம்பிக்கை வராவிட்டால் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி, மூன்று ராத்திரி பார்.

செலவையும் பார். அந்த ஹீட்டர் 2000 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 16 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 960 யூனிட். உங்கள் வீட்டு ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் இதற்கு மேலே. நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்துவந்த சலுகை ரேட்டும் போய்விடும். பலருக்கு இது பில் வந்த பிறகுதான் தெரிகிறது.

குழந்தைக்குச் சூடு போதவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். வயிற்றையும் பாதத்தையும் உன் புறங்கையால் தொட்டுப் பார். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை சுகமாக இருக்கிறது. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் இன்னும் ஒரு துணி போடு, குல்லாவும் காலுறையும் மாட்டு, மார்போடு அணைத்துக்கொள். வயிறும் பாதமும் இரண்டுமே சில்லிட்டிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு நர்ஸுகள் சொல்லித்தருவது இதைத்தான். நீ அப்போது மயக்கத்தில் இருந்திருப்பாய்.

மார்போடு அணைப்பதை லேசாக நினைத்துவிடாதே. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் 1978-இல் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற டாக்டர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவைத்துப் பார்த்தார். அதுதான் இன்று ‘கங்காரு முறை’ என்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்யலாம். கூச்சப்பட வேண்டாம் என்று சொல். ஹீட்டரை விட இது மலிவு. ஹாட் வாட்டர் பேக்கை மட்டும் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்காதே. அந்தத் தோல் தாங்காது.

அடுத்தது கரி. ஹீட்டர் வேண்டாம் என்றால் சம்பந்தியம்மா இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைப்பார் என்று எனக்குத் தெரியும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குன்னூர் பழைய வீடுகளில் புகைபோக்கி உண்டு, ஓட்டு இடுக்கில் காற்றும் புகும். நம் வீட்டில் கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே எல்லா ஜன்னலையும் அடைக்கிறோம். கரி தணலாகி, புகையே இல்லாமல் சிவந்து கிடக்கும்போதுதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. தலை வலிக்கும், தூக்கம் வரும், தூங்கியவர் எழமாட்டார். கொடைக்கானலில் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். சாம்பிராணியும் வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஆகவே இப்படிச் செய்: தூபக்கால் ஹாலில் இருக்கட்டும், ஹால் ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தை மட்டும் அறைக்குள் இருக்கட்டும். குழந்தையின் தலைமுடி காய, பருத்தித் துண்டால் ஒற்றினால் போதும். சம்பந்தியம்மாவிடம் இதை நீ சொல்லாதே, மாப்பிள்ளை சொல்லட்டும். பிள்ளை சொன்னால் கேட்பார்.

ஆக, நம் ஊரில் சூடேற்ற வேண்டியது அறையை அல்ல, தண்ணீரை. குழந்தைக்கு, பிரசவித்த உனக்கு, முட்டிவலிக்காரரான சம்பந்தியம்மாவுக்கு வெந்நீர் வேண்டும். மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீர் என்றால், சேதாரத்தோடு சேர்த்து நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஹீட்டரின் 16 யூனிட்டோடு ஒப்பிட்டுக்கொள்.

மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் பெங்களூரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த கேஸ் கீசரைச் சும்மா தருகிறார் என்றாயே, சும்மா தந்தாலும் வேண்டாம். கரிக்குச் சொன்ன அதே வாயுதான் அதிலும். உங்கள் பாத்ரூமில் இருப்பது ஒரு சாண் வென்டிலேட்டர். அதையும் வீட்டுக்காரர் கண்ணாடி வைத்து அடைத்திருக்கிறார். அப்படிப்பட்ட பாத்ரூமில் கேஸ் கீசரைப் போட்டுக் குளிக்கப் போனவர்கள் மயங்கி விழுந்த கதைகள் பெங்களூரிலும் மும்பையிலும் ஏராளம்.

கரண்ட் கீசர் வாங்கு. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் விலை குறைவு. ஆனால் அது 3000 வாட், 13 ஆம்பியர் இழுக்கும். வாடகை வீட்டில் பாத்ரூமுக்குப் போயிருக்கும் ஒயர் பெரும்பாலும் லைட்டுக்குப் போட்டது. 15 லிட்டர் ஸ்டோரேஜ், 2000 வாட் எடு. கால் மணி நேரத்தில் தண்ணீர் தயார். ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் நம்பரும் இருக்க வேண்டும். அந்த நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் நிஜமா போலியா என்று காட்டிவிடும். கீசரின் அடியில் சின்ன வால்வு ஒன்று தண்ணீர் சொட்டும். ஒழுகுகிறது என்று பிளம்பர் அதை அடைக்க வருவார். விடாதே, உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற வழி அதுதான். ஆவடி போர் தண்ணீருக்கு வருஷம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். போன மாதம் நம் வீட்டுக் கீசரைத் திறந்தேன். காயிலின் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக விரல் தடிமனுக்கு உப்பு. தட்டினால் ஓடு ஓடாகக் கழன்றது. கூடவே இருக்கும் மெக்னீசியம் ராடு கரைந்து கம்பிதான் மிச்சம். அது கரைவது நல்லதுதான். டேங்குக்குப் பதிலாக அது அரிக்கப்படுகிறது. தீர்ந்ததும் புதிது போட வேண்டும்.

கீசர் கம்பெனி எது என்று ஆராய்வதில் நேரம் போக்காதே. காசைப் போட வேண்டிய இடம் சுவருக்குள் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸில் இருந்தவன் என்பதால் தெருவில் யார் வீட்டில் ஷாக் அடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டில் குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றார்கள். கீசர் புதிது, நல்ல கம்பெனி, மூன்று பின் பிளக். சாக்கெட்டைக் கழற்றினால் பச்சை ஒயர் எதனுடனும் சேராமல் மடித்து உள்ளே சொருகப்பட்டிருந்தது. வெளியே மூன்று ஓட்டை, உள்ளே எர்த் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை டெஸ்ட் லாம்ப் கொண்டுவரச் சொல். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

அதோடு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எம்சிபி இருக்கிறதே என்று வீட்டுக்காரர் சொல்வார். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கரண்ட் ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிகிற அந்த நொடியில் ஆர்சிசிபிதான் துண்டிக்கும். விலை இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும். வீட்டுக்காரர் போடமாட்டேன் என்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், காலி பண்ணும்போது கழற்றிப்போகலாம். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஹீட்டர் ராடு அவசரத்துக்கு இருக்கட்டும் என்றாய். நாலு வயசுப் பையன் ஓடும் வீட்டில் எனக்கு அது பிடிக்கவில்லை. வாங்கியே தீருவதென்றால், முதலில் தண்ணீர், பிறகு ராடு, கடைசியில் சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்ச், பிளக்கைப் பிடுங்குவது, அப்புறம்தான் பக்கெட்டில் கை. இரும்பு பக்கெட் கூடாது. சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் உன் மாமியாருக்கும் உண்டு, உன் பெரியம்மாவுக்கும் உண்டு.

ராடு மாற்று ஏற்பாடும் ஆகாது, ஏனென்றால் நமக்கு மாற்று தேவைப்படுவதே கரண்ட் போகும்போதுதான். 2016 டிசம்பர் 12 வர்தாவும், 2023 டிசம்பர் மிக்ஜாமும் உனக்கு நினைவிருக்கும். புயல் கடந்த பிறகும் நாள்கணக்கில் இருட்டு. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், 2000 வாட் கீசரை அது தூக்காது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், பால்கனியிலோ மாடிப்படி அடியிலோ அதை ஓடவிடாதீர்கள். அங்கேயும் அதே கார்பன் மோனாக்சைடுதான். நமக்கு மாற்று கேஸ் அடுப்பு. இரண்டாவது சிலிண்டருக்கு இப்போதே எழுதிக்கொடு. முடியாவிட்டால் 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கி வை. கேஸ் தீர்ந்த நாளுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு. கரண்டுக்குக் கேஸ், கேஸுக்குக் கரண்ட். புயல் எச்சரிக்கை வந்ததும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர்.

அடுப்பில் காய்ச்சினால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடக்காதே, தையல் ஆறாத உடம்பு. சின்னப் பாத்திரத்தில் காய்ச்சி, மாப்பிள்ளை கொண்டுவரட்டும். பெரியவன் அப்போது கட்டிலில் இருக்க வேண்டும். 60 டிகிரி தண்ணீர் பெரியவர்கள் தோலையே சில விநாடிகளில் வேகவைத்துவிடும். தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். முழங்கையை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியனோடு நானே வருகிறேன். அதற்குள் மாப்பிள்ளையை மெயின் போர்டைத் திறந்து ஒரு போட்டோவும், பாத்ரூம் சாக்கெட்டை ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பச் சொல். வரும் வழியில் ஆர்சிசிபி வாங்கிவிடுவேன், ரெண்டு போலா நாலு போலா என்று தெரிய வேண்டும். பெரியம்மா பூண்டு லேகியம் கிளறிக்கொண்டிருக்கிறாள், அதையும் எடுத்து வருகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பெரியப்பா