கம்ப்யூட்டர் திறக்கும்போது படம் வரவில்லையா? பதற வேண்டாம்!



முன்பெல்லாம் காலையில் கடையைத் திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பேரேட்டைப் பிரிப்போம். இன்று பேரேட்டின் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதிலும் முதலில் பிள்ளையார் படமோ, தஞ்சைப் பெரிய கோவில் கோபுரமோ, கடையைத் தொடங்கிய பெரியவரின் படமோ தெரியும்படி வைத்துக்கொள்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அந்தப் படம் வராமல் வெறும் ஒற்றை நிறம் மட்டும் வந்தால் மனம் சங்கடப்படுகிறது. கணக்கே போய்விட்டதோ என்ற பயமும் வந்துவிடுகிறது.

அந்தப் பயத்தில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்காவது அது பாடமாக இருக்கட்டும்.

படம் வந்தது, கணக்கு போனது

2019 தை மாதம். சம்பா அறுவடை நடந்து, புது அரிசி வரத்து தொடங்கிய நேரம். மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தோம். அவர் சில அமைப்புகளை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் என் தகப்பனார் படம் வரவில்லை. பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் மட்டும் நின்றன. கணக்கு எழுதும் தம்பி, "முதலாளி, பெரிய ஐயா படத்தைக் காணோம். சகுனம் சரியில்லையே" என்றார். எனக்கும் கை ஓடவில்லை.

வேறொரு மெக்கானிக் வந்தார். "வைரஸ் மாதிரி இருக்கிறது, ஃபார்மேட் போட்டுவிடலாம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். கணக்கை நகல் எடுத்தாயிற்றா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாலையில் படம் அழகாக வந்தது. ஆனால் கணக்கைத் திறந்தால் ஒன்றுமில்லை. பென் டிரைவில் இருந்த பழைய நகலோ 19 நாட்களுக்கு முந்தையது.

அந்த 19 நாள் கடன் விற்பனையைக் கார்பன் பில்களையும் லாரி ரசீதுகளையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினோம். மீதியை வாடிக்கைக்காரர்களிடமே கேட்டோம். பெரும்பாலோர் தங்கள் சிட்டையைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். இரண்டு மூன்று இடங்களில் பேச்சு தடித்தது. பழைய வாடிக்கை ஒன்று நின்றே போனது. பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

பிறகு என் மகன் விசாரித்துச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. வேகத்துக்காக முதல் மெக்கானிக் ஒரு டிக் அடையாளத்தை எடுத்துவிட்டிருக்கிறார். அதனால்தான் படம் நின்றது. அந்த டிக்கைத் திரும்பப் போட இரண்டு நிமிடம் போதும்.

எந்தத் திரையில் படம் இல்லை?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் மூன்று திரைகள் வருகின்றன. முதலாவது, மணியும் தேதியும் காட்டும் லாக் ஸ்கிரீன். ஒரு விசையை அழுத்தியதும் நம் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் வருவது இரண்டாவது; இதுதான் சைன்-இன் ஸ்கிரீன். பாஸ்வேர்டு கொடுத்தபின் வருவது மூன்றாவது; அது டெஸ்க்டாப்.

முதல் திரையில் படம் இருந்து, இரண்டாவதில் மட்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் அமைப்பில் உள்ள சிறு விஷயம்தான். பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய்க் கணக்குப் புத்தகம் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. முதல் வேலையாக ஒரு பென் டிரைவில் கணக்கை நகல் எடுத்துவிட்டு, பிறகு படத்தைத் தேடுவோம்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். அப்படியல்ல. சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

2. யாருடைய பெயர் திரையில் இருக்கிறது என்று பாருங்கள். முதலாளிக்கு ஒன்று, கணக்கு எழுதுபவருக்கு ஒன்று என இரண்டு பெயர்களில் கம்ப்யூட்டரைத் திறக்கும் கடைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் படம் தனித்தனி. கடைசியாக உள்ளே போனவர் யாரோ, அவர் வைத்த படம்தான் மறுமுறை வரும்.

3. விண்டோஸ் விசையையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் பர்சனலைசேஷன், பிறகு லாக் ஸ்கிரீன் என்று போங்கள். சைன்-இன் திரையில் லாக் ஸ்கிரீன் படத்தைக் காட்டு என்ற பொருளில் 'ஷோ த லாக் ஸ்கிரீன் பேக்ரவுண்ட் பிக்சர் ஆன் த சைன்-இன் ஸ்கிரீன்' என ஒரு வரி இருக்கும். அது ஆன் நிலையில் இருக்க வேண்டும். தெரியாமல் கை பட்டு ஆஃப் ஆகியிருந்தால் படம் வராது.

4. அதே பக்கத்தில் படம் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. 'ஸ்பாட்லைட்' என்றால் படங்கள் இன்டர்நெட் வழியாக வரும். இணைப்பு இல்லாவிட்டால் புதுப் படம் வராது. 'ஸ்லைடு ஷோ' என்றால் ஒரு ஃபோல்டரில் உள்ள படங்கள் மாறி மாறி வரும். அந்த ஃபோல்டரை அழித்துவிட்டாலோ, அது பென் டிரைவில் இருந்து அதைக் கழற்றிவிட்டாலோ காட்டுவதற்குப் படம் இருக்காது. கடைக்கு நல்லது 'பிக்சர்' என்பதுதான். ஒரே படத்தைக் கம்ப்யூட்டரின் பிக்சர்ஸ் ஃபோல்டரில் வைத்து அதையே தேர்ந்தெடுங்கள்.

5. இனி, எங்கள் மண்டியில் நடந்த விஷயம். மெதுவாக ஓடும் மெஷினை வேகப்படுத்த, 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அலங்காரங்களை எல்லாம் அது நிறுத்திவிடும். அதில் 'அனிமேட் விண்டோஸ் வென் மினிமைஸிங் அண்ட் மேக்ஸிமைஸிங்' என்ற வரியில் டிக் போய்விட்டால், விண்டோஸ் 10-இல் சைன்-இன் திரையின் படமும் நின்றுவிடுவது உண்டு. ஜன்னல் சுருங்கி விரிவதற்கும் சாமி படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் உள்ளே இரண்டும் பிணைந்திருக்கின்றன. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, தேடும் இடத்தில் 'பெர்ஃபாமன்ஸ்' என்று தட்டுங்கள். 'அட்ஜஸ்ட் த அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபாமன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்று வரும். அதைத் திறந்து அந்த ஒரு வரிக்கு மட்டும் டிக் போட்டு, அப்ளை, ஓகே கொடுத்தால் போதும்.

6. படம் வருகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது கோளாறே அல்ல. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு கட்டம் எடுப்பாகத் தெரிவதற்காகப் பின்னால் உள்ள படத்தை மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். தெளிவாகத்தான் வேண்டுமென்றால் பர்சனலைசேஷனில் கலர்ஸ் பக்கத்துக்குப் போய் 'டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள்.

7. இந்த வரிகளே சாம்பல் நிறமாக இருந்து, அழுத்தினாலும் நகரவில்லையா? இரண்டு காரணங்கள் இருக்கலாம். விண்டோஸை முறைப்படி உரிமம் கொடுத்து ஆக்டிவேட் செய்யாமல் விட்டிருக்கலாம். அல்லது ஏதோ ஒரு அலுவலகத்தில் ஓடிய பழைய மெஷினை நாம் வாங்கியிருந்தால், அவர்கள் போட்ட கட்டுப்பாடு இன்னும் நீங்காமல் இருக்கலாம். 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்ற வாசகம் இருந்தால் இதுவாக இருக்கக்கூடும். இரண்டிலும் மெஷினை விற்றவரைக் கேட்பதே முறை.

ஒவ்வொன்றைச் செய்த பிறகும் விண்டோஸ் விசையையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். பூட்டுத் திரை வரும். ஒரு விசையைத் தட்டினால் படம் வந்ததா என்று உடனே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் நான்கைந்து அமைப்புகளை மாற்றாதீர்கள். எது மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது?

படம் வராதது பெரிய விஷயமல்ல. நாம் வைக்காத படமோ வாசகமோ தானாக வந்தால்தான் ஆபத்து. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற கெடு மென்பொருள் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் வேலை நின்றது. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவும் சிக்கின. அது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திரைப் படத்தையும் மாற்றி, 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கொடு என்று மிரட்டியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே விண்டோஸுக்கு வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத மெஷின்கள்தான் மாட்டிக்கொண்டன.

அப்படி மிரட்டல் வாசகம் வந்தால் உடனே இன்டர்நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். நகல் வைத்திருக்கும் பென் டிரைவை அந்த மெஷினில் செருகவே செருகாதீர்கள், அதுவும் பூட்டிக்கொள்ளும். பணம் பறிபோயிருந்தால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-க்குத் தகவல் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. மெஷின் அன்றோடு நின்றுவிடவில்லை, ஓடத்தான் செய்கிறது. ஆனாலும் கணக்கு வைத்திருக்கும் மெஷினை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியுமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மெக்கானிக் கையில் கொடுக்கும் முன்

ஃபார்மேட் என்பது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றதல்ல, வீட்டைக் காலி செய்வது போன்றது. சாமான்களை வெளியே எடுத்து வைத்தோமா என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். "என்ன மாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாம் லாரியில் ஏற்றும் மூட்டைக்குச் சீட்டுப் போடாமல் விடுகிறோமா? முன்பின் தெரியாதவர் போனில் அழைத்து, "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு, நான் சொல்வதை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

தினமும் கடை சாத்தும் முன் கணக்கை நகல் எடுங்கள். இரண்டு பென் டிரைவ்கள் வேண்டும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவில் எத்தனை கூரைகள் போயின, எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பதை நாம் மறக்கவில்லை. இரண்டு நகலும் ஒரே மேஜை டிராயரில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். மாதம் ஒருமுறை நகலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

இது சட்டப்படியும் நம் கடமை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் திரும்ப எடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 'ஃபார்மேட் போட்டுவிட்டார்கள்' என்று அதிகாரியிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

புதுக்கணக்கு போடும்போது பேரேட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடுகிறோம். திரையில் வரும் படமும் அதைப் போன்றதுதான். அது மனதுக்குத் தெம்பு தரும், இருக்கட்டும். ஆனால் சுழி அழிந்துவிட்டது என்பதற்காகப் பேரேட்டை அடுப்பில் போடுவார் உண்டா? நான் போட்டேன். நீங்கள் போடாதீர்கள். முதலில் நகல், பிறகு படம்.