வாளின் பிடி சொல்லும் பாடம்

ஒரு வாளைக் கையில் கொடுத்தால் மெக்கானிக்கல் மாணவன் முதலில் எதைப் பார்ப்பான்? அலகைத்தான். என்ன ஸ்டீல், எப்படி ஹார்டனிங் செய்தார்கள் என்று கேட்பான். ஆனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்தால், அலகைவிடப் பிடிதான் அதிகம் பேசுகிறது. அது என்ன பேசுகிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

பிடியின் உறுப்புகள்

நம் நாட்டு வாள்பிடியில் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு. மேலே குமிழ் அல்லது வட்டத் தட்டு. நடுவில் கை பற்றும் இடம். கீழே விரல்களைக் காக்கும் குறுக்குக் காப்பு. பிடிக்குள் சூடான அரக்கை ஊற்றி அலகின் வாலைச் செருகுவார்கள். அரக்கு ஆறினால் இறுகிவிடும். வெல்டிங்கும் இல்லை, போல்ட்டும் இல்லை! மேலே உள்ள தட்டு, கை நழுவாமல் தடுக்கும் ஸ்டாப்பர். அந்த வேலையைச் செய்யும் தட்டையே தாமரையாகச் செதுக்கி இருக்கிறார்கள். அலங்காரம் வேலையைக் கெடுக்கவில்லை, வேலையோடு சேர்ந்தே வருகிறது.

யாளியும் மகரமும்

தஞ்சாவூர்க் கட்டாரிகளில் கைக்கு முன்னால் நாகப்படம் போல் விரிந்த இரும்புத் தகடு இருக்கும். சிலவற்றில் அதன் நுனியில் யாளித்தலை. கோயில் தூண்களில் நாம் பார்க்கும் அதே யாளிதான். வாசலைக் காக்கிற மிருகம் இங்கே கையைக் காக்கிறது.

‘பட்டா’ என்ற வாளில் முழங்கை வரை மூடும் இரும்பு உறை உண்டு. சிலவற்றில் அந்த உறையே மிருக முகமாக இருக்கும். அதன் வாயிலிருந்து அலகு புறப்படும். சிவன் கோயிலில் கருவறையின் வடபுறம் அபிஷேக நீர் வெளியே வருவதும் ஒரு முகத்தின் வழியாகத்தானே! மகர தோரணத்தில் கொடிகள் மகரத்தின் வாயிலிருந்து பிறக்கின்றன. சக்தி மனிதனுடைய சொந்தச் சரக்கு இல்லை, வேறொரு இடத்திலிருந்து வருகிறது என்பதே இதன் பொருள் என்று நினைக்கிறேன்.

பரங்கி அலகு, நம்மூர்ப் பிடி

17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அலகுகள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றுக்கு இங்கேயே பிடி போட்டார்கள். அப்படிப்பட்ட வாளுக்கு ‘ஃபிரங்கி’ என்றே பெயர். நம்ம பரங்கிமலையில் உள்ள பரங்கியும் இதே சொல்தான். துறைமுகப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். சரக்கு எங்கிருந்தும் வரலாம். அதை நம்முடையதாக்குவது நம்ம ஊர்க் கைவேலைதான்.

யாருக்காக இந்த அலங்காரம்?

எதிரி பார்ப்பது அலகை. பிடியைத் தினமும் பார்ப்பவன் அதைப் பிடிப்பவன் மட்டுமே. ஆக, அந்தச் சின்னங்கள் எதிரிக்கு எழுதிய மிரட்டல் அல்ல, சொந்தக்காரனுக்கு எழுதிய நினைவூட்டல். 1799-இல் போரில் இறந்த திப்பு சுல்தானின் ஒரு வாள் 2023-இல் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. அதன் பிடியில் தங்க எழுத்துகளில் இருப்பவை இறைவனைப் போற்றும் சொற்கள்.

நமக்கு என்ன?

தஞ்சையின் கடைசி மன்னர் 1855-இல் இறந்தார். 1860-களில் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த சில மட்டும் சென்னைக்கு வந்தன. மீதியில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. எத்தனை யாளிகள் உலைக்குப் போயினவோ!

பழைய இரும்புக் கடைகள் நிறைந்த பகுதி நம் வடசென்னை. எடை போடும் முன் ஒரு நிமிஷம் திருப்பிப் பார்க்கிற கண் நமக்கு வேண்டும். அந்தக் கண் படித்தவனுக்கு மட்டும் சொந்தம் இல்லை. எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஆயுத பூஜையன்று சுத்தியலின் பிடியில்தான் சந்தனம் வைப்பார். “அடிக்கிறது இரும்பு, அடிக்க வைக்கிறது கைடா” என்பார்.

நண்பர்களே, வெள்ளிக்கிழமை தவிர்த்து ஒரு லீவு நாளில் எழும்பூர் போங்கள். டிராயிங் நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஒரே ஒரு வாள்பிடியை முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என்று மூன்று தோற்றங்களிலும் வரைந்து பாருங்கள். வரையும்போதுதான் அதைச் செய்தவனின் மூளை தெரியும்.