வாய்ப் புற்றுநோய்: நாளைக் கடத்தினால் நட்டம் நமக்கே



"புத்துநோய் வந்தா அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தாங்க?" லயத்து வாசலிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இந்தப் பேச்சைக் கேளாதவர் நம்மில் யாரும் இல்லை. இந்த முறை சுகாதாரப் பாடத்துக்கு அந்தப் பேச்சையே எடுத்துக்கொள்கிறோம்.

அது வெறும் கட்டுக்கதை அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அவர்கள் எப்போது போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பலர் நோய் முற்றிய பிறகே போனார்கள். அதைப் பார்த்த மற்றவர்களுக்குப் பயம் வந்தது. பயத்தால் அவர்களும் பிந்திப் போனார்கள். இப்படியே இந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை உடைக்க வேண்டுமானால், ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் எவற்றால் முடிவாகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம்மோடு நெருங்கிய புற்றுநோய்

புற்றுநோய் பல வகை. நாம் இங்கே வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம். இலங்கையில் ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். வெற்றிலை போடும் பெண்களையும் இது விடுவதில்லை.

மலையில் குளிர், மழை, அட்டைக்கடி. "வெத்தில போட்டா குளிரு தெரியாது, பசி தெரியாது" என்று நம் பெரியவர்கள் பழகிவிட்டார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிறோம். பல வருடம் அதே இடத்தில் ஒதுக்கினால் அந்த இடத்துத் தோல் மாறத் தொடங்குகிறது. "நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்" என்பவர்களும் தப்ப முடியாது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. இதோடு பீடி, சிகரட், சாராயம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும்.

இரண்டு பேரை நினைத்துப் பார்ப்போம்

ஒரே டிவிசனில் வேலை செய்யும் இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொழுந்து பறிக்கும் அக்கா. மற்றவர் கவ்வாத்து வெட்டும் அண்ணன். இருவருக்கும் ஒரே மாதத்தில் கன்னத்தின் உள்ளே ஒரு சின்னப் புண். இருவருக்கும் வலி இல்லை.

அக்கா மூன்று வாரம் பார்த்தார். புண் ஆறவில்லை. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கிருந்து துண்டு வாங்கி ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போனார். புண்ணின் அளவு ஒரு சென்டிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

அண்ணன் என்ன செய்தார்? "வலிக்கலையே, சூட்டுப் புண்ணா இருக்கும்" என்று நல்லெண்ணெய் வைத்தார். பிறகு பச்சிலை. பிறகு தீபாவளி முடியட்டும், தைப்பொங்கல் முடியட்டும் என்றார். எட்டு மாதம் போனது. பல் ஆடத் தொடங்கியது. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அப்போதுதான் போனார்.

நோய் ஒன்றுதான், வெற்றிலையும் ஒன்றுதான். ஆனால் இப்போது இருவருக்கும் செய்ய வேண்டிய சிகிச்சை வேறு, பிழைக்கும் வாய்ப்பும் வேறு.

'கட்டம்' என்றால் என்ன?

டொக்டர்மார் புற்றுநோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று விஷயங்களை வைத்தே கட்டத்தைச் சொல்வார்கள். கட்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா? நுரையீரல் போன்ற தூர உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா?

இரண்டு சென்டிமீற்றருக்கு உட்பட்டு, ஆழம் போகாமல், கழுத்துக்குப் பரவாமல் இருந்தால் முதலாம் கட்டம். தாடை எலும்பைத் துளைத்துவிட்டால் நான்காம் கட்டம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் கழுத்துத்தான். கழுத்து முடிச்சுக்கு நோய் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பொதுவாகச் சொன்னால், ஆரம்பக் கட்டத்தில் முறையான சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஏழு எட்டுப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். முற்றிய கட்டத்தில் பத்துப் பேரில் மூன்று நான்கு பேரே அப்படி வாழ்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவருக்கு எழுதிய ஜாதகம் அல்ல. முற்றிய நோயோடு போய்ப் பிழைத்தவர்களும் உண்டு. ஆகவே பிந்திவிட்டோம் என்று யாரும் போகாமல் இருக்கக் கூடாது.

வேறு எவை பலனைக் கூட்டும், குறைக்கும்?

வெட்டி எடுக்கும்போது கட்டியைச் சுற்றி நல்ல தசையோடு முழுமையாக எடுக்க முடிந்ததா என்பது ஒன்று. உடம்பின் பலம் இன்னொன்று. இரத்தச் சோகை, சீனி வியாதி, இருதய நோய் இருந்தால் முதலில் அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். சாப்பிட முடியாமல் மெலிந்து போனவர் சிகிச்சையைத் தாங்குவது கடினம். வயது மட்டும் ஒரு தடையல்ல. "அறுபது தாண்டிருச்சு, இனி எதுக்கு?" என்று வீட்டார் முடிவு செய்வது தவறு.

பிறகு வெற்றிலையையும் பீடியையும் விடுவது. சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்து போடுபவருக்கு நோய் திரும்பி வரும் ஆபத்தும், வாயில் வேறோர் இடத்தில் புதிதாக வரும் ஆபத்தும் கூடுதல்.

சிகிச்சையை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் புண்ணிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதிப்பார்கள். "கத்தி பட்டா பரவிரும்" என்று பயந்து பலர் இங்கேயே ஓடிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. துண்டு பார்க்காமல் இது புற்றுநோய்தானா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. பரவுவது கத்தியால் அல்ல, நாள் கடத்துவதால்.

அக்காவைப் போல ஆரம்பத்தில் போனவருக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை ஒன்றே போதும். அண்ணனைப் போலப் பிந்திப் போனவருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதியையும் எடுக்க வேண்டி வரலாம். அதன் பின் 'கரண்ட் பிடிப்பது' என்று நாம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை. நோய் முடிச்சை உடைத்து வெளியே வந்திருந்தால் அதோடு மருந்து ஏற்றுவதும் உண்டு.

"வாயிலதானே புண்ணு, ஏன் கழுத்தையும் வெட்டுறாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மும்பாயில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2015 இல் முடிவை வெளியிட்டது. எல்லோரும் ஆரம்பக் கட்ட நோயாளர்கள், கழுத்தில் கட்டி தெரியாதவர்கள். ஒரு பகுதியினருக்கு முதல் அறுவையிலேயே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு, கட்டி தெரிந்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, முதலிலேயே எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 67 அல்லது 68 பேர்தான். ஆகவே டொக்டர் கழுத்திலும் வெட்ட வேண்டும் என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒளிந்திருக்கும் நோயையும் சேர்த்து எடுக்கிறார் என்று கொள்ளுங்கள்.

முடிவில் நமக்கும் பங்கு உண்டு. கையொப்பம் வைக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: எந்தக் கட்டம்? என்ன சிகிச்சை? அதனால் சாப்பாடும் பேச்சும் எப்படி மாறும்? வேறு வழி உண்டா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? சிங்களம் தெரியாதவர்கள் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். விளங்காததற்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "இன்னொரு தரம் சொல்லுங்க டொக்டர்" என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

நடுவில் நிறுத்தினால்?

கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு ஏழு வாரம் நடக்கும். அறுவைக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்குவது நல்லது. ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கிவிடுவார்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு கெட்டுப்போகலாம்.

மூன்றாவது வாரமளவில் வாய் வெந்து, விழுங்குவது கஷ்டமாகும். அப்போதுதான் பலர் "இது மருந்தில்ல, நஞ்சு" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. இடையில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் நோய் திரும்பவும் வளர்கிறது. வாய் வேகுவது சில வாரத்தில் ஆறிவிடும். கஞ்சி, பால், குழைத்த சோறு, அடித்த முட்டை என்று பலமான சாப்பாட்டை மெதுவாகக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பார்கள். அது கொஞ்ச நாளைக்குத்தான்.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும், கண்டி, பதுளை அரசாங்க வைத்தியசாலைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளிலும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வாய் அறுவைக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலையும் உண்டு. ஆனால் பஸ் காசு, கூட நிற்பவரின் நாட்கூலி, வீட்டில் பிள்ளைகள் என்ற சுமை இருப்பது நமக்குத் தெரியும். நல்ல நோயாளியும் இதனால்தான் நடுவில் நின்றுவிடுகிறார். ஆகவே தொடங்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். யார் எந்த வாரம் கூடப் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உதவி கேளுங்கள். பக்கத்து லயத்தார் ஒரு வாரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு சிகிச்சைதான்.

நோயாளியிடம் சொல்வதா?

"சொன்னா தாங்கமாட்டாரு" என்று பல வீடுகளில் மறைக்கிறோம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் ஏன் இந்த வேதனை என்று தெரியாதவர், ஏன் அதைப் பொறுக்க வேண்டும்? தெரியாமல் போனவர்தான் பாதியில் திரும்பி வருகிறார். மெதுவாக, நம்பிக்கையோடு, உண்மையைச் சொல்லுங்கள். முடிவெடுக்க வேண்டியவர் அவர். சாமிக்கு நேர்த்தி வைக்கலாம், தாயத்துக் கட்டலாம். ஆனால் அதைச் சொல்லி கிளினிக் திகதியைத் தள்ளக் கூடாது.

முற்றாகக் குணமாக்க முடியாத கட்டமும் வரும். அப்போதும் "ஒண்ணும் செய்ய ஏலாது" என்பது சரியல்ல. வலியைக் குறைக்கலாம், புண்ணைச் சுத்தமாக வைக்கலாம், மூச்சையும் சாப்பாட்டையும் இலகுவாக்கலாம். கடும் வலிக்கு மோர்பின் மருந்து இருக்கிறது. டொக்டர் சொன்ன அளவில் குடித்தால் பயமில்லை. நீண்ட சிகிச்சை வேண்டாம், வீட்டில் இருக்க வேண்டும் என்று நோயாளி தெளிவாகச் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது

1980களின் தொடக்கத்தில் நம் நாட்டின் கிராமங்களில் சுகாதார ஊழியர்களுக்கு வாய் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் போனார்கள். கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 1996 இல் இதே போல ஒரு பெரிய வேலை தொடங்கியது. வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்து நோயாளிகளை அனுப்பினார்கள். 2005 இல் வந்த முடிவின்படி, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் ஏற்படும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் இருந்தன. நோயாளியும் நடந்து போனார்.

வீட்டுப் பாடம்

மாதம் ஒரு முறை, சம்பள நாளை அடையாளமாக வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு இரு கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, மேல் அண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் டிஸ்பென்சரிக்குப் போங்கள்:

• மூன்று வாரத்தில் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும்.
• சுரண்டினாலும் போகாத வெள்ளைத் தழும்பு, அல்லது சிவப்புத் தழும்பு. சிவப்பு கூடுதல் ஆபத்து.
• உறைப்புச் சாப்பிட முடியாத எரிவு. வாய் திறப்பது குறைவது. உங்கள் மூன்று விரலை நெடுக்காக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடியாவிட்டால் காட்டுங்கள்.
• காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, விழுங்கக் கஷ்டம்.

கண்ணாடி பார்க்க முடியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்லட்டும். "அப்பாயி, வாயைத் திறங்க" என்று பேரப்பிள்ளை கேட்டால் மறுக்கும் மனசு யாருக்கு இருக்கிறது?

ஒரு நாள் கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும். அது நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளைச் சேமித்தவர் இழக்கப்போவது எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வீட்டில் வெற்றிலை போடும் ஒருவரின் வாயைப் பாருங்கள். அடுத்த சம்பள நாளிலும் பாருங்கள்.