கதிர்வீச்சு: அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது?



"கதிர்வீச்சு" என்ற சொல்லுக்கு நம் ஊரில் தனி அச்சம் உண்டு. பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம் பற்றிப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. தெருவில் செல்போன் டவர் வந்தாலும், டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தாலும், புற்றுநோய்க்குக் "கரண்ட் வைக்க" வேண்டும் என்று சொன்னாலும் இதே பயம்தான். இந்தப் பயத்தால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு. பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே உயிர் சம்பந்தப்பட்டவை. ஆகவே இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம்.

ஒரே குடும்பம், ஏழு பிள்ளைகள்

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து எழுப்பும் அலைக்கு மின்காந்த அலை என்று பெயர். தண்ணீர் அலைக்குத் தண்ணீர் வேண்டும், ஓசைக்குக் காற்று வேண்டும். மின்காந்த அலைக்கோ எதுவும் தேவையில்லை. வெற்றிடத்திலும் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியனின் ஒளி சுமார் 8 நிமிடத்தில் நம் முற்றத்துக்கு வருகிறது.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் படுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்பதைச் சோதனைகளோடு விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் ஆராய்ந்த அந்த ஒளி, ஒரு பெரிய குடும்பத்தின் ஒரு பிள்ளை மட்டுமே என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. மாக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொன்னார். 1880களில் ஹெர்ட்ஸ் செய்துகாட்டினார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அலையின் நீளம் குறையக் குறைய அதன் வேகம் மாறாது, வீரியம் கூடும். வரிசை இதுதான்:

1. ரேடியோ அலை: நாம் கேட்கும் கோடை எப்.எம். 100.5இன் ஓர் அலை ஏறத்தாழ 3 மீட்டர், அதாவது பத்தடி நீளம்.
2. மைக்ரோ அலை: செல்போன், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு.
3. அகச்சிவப்பு: அடுப்புத் தணலருகில் கை நீட்டினால் சுடுகிறதே, அந்த வெப்பம்.
4. கண்ணுக்குத் தெரியும் ஒளி: ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவு நீளம்.
5. புற ஊதா: வெயிலில் தோலைக் கருக்குவது.
6. எக்ஸ் கதிர்: 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்தது.
7. காமா கதிர்: கதிரியக்கப் பொருளின் அணுக்கருவிலிருந்து வருவது.

கோடு எங்கே விழுகிறது?

போடியில் இலவம் பஞ்சைத் தெரியாதவர் இல்லை. கண்ணாடி சன்னலின் மேல் எத்தனை மூட்டைப் பஞ்சைப் பிய்த்து எறிந்தாலும் கண்ணாடி உடையாது. ஒரு சிறு கல் எறிந்தால் உடையும். ரேடியோ அலை முதல் கண்ணுக்குத் தெரியும் ஒளி வரை உள்ளவை பஞ்சைப் போன்றவை. அளவு மிகுந்தால் சூடாக்கும். அதனால்தான் வரம்பு வைக்கிறார்கள். ஆனால் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. எக்ஸ் கதிரும் காமாவும் கல்லைப் போன்றவை. அவை உடலின் செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளையே சேதப்படுத்த வல்லவை. புற ஊதாக் கதிர் இரண்டுக்கும் நடுவே எல்லையில் நிற்கிறது.

கதிர்வீச்சு எல்லாமே அலை அல்ல, துகள்களும் உண்டு. ஆல்பாத் துகளை ஒரு காகிதமே தடுத்துவிடும். ஆனால் மூச்சிலோ உணவிலோ உள்ளே போனால் ஆபத்து. பீட்டாவைத் தடுக்க மெல்லிய அலுமினியத் தகடு போதும். காமாவுக்குக் கனத்த ஈயமோ கான்கிரீட்டோ வேண்டும்.

பொட்டிப்புரம் மலையும் நியூட்ரினோவும்

நியூட்ரினோவும் ஒரு துகள்தான். மின்னேற்றம் இல்லாதது, எதோடும் அநேகமாக மோதாதது. சூரியனிலிருந்து மட்டும், நம் உடலில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் இரவும் பகலும் கடந்து போகின்றன. இதைப் படிக்கும்போதும் போகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய விஞ்ஞானிகள் பங்கேற்ற குழு, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம், போடி மேற்கு மலையைக் குடைந்து சுமார் 50,000 டன் இரும்பால் ஆன கருவியை வைப்பது. இயற்கையில் வரும் நியூட்ரினோவைக் கவனிப்பதே அதன் வேலை. விண்ணிலிருந்து வரும் மற்றக் கதிர்களைத் தடுத்துக்கொள்ளத்தான் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பாறையைக் கூரையாகத் தேடினார்கள்.

மலையைக் குடைவது, வெடி வைப்பது, தண்ணீர், காடு, புலிகளின் வழித்தடம் ஆகியவை வேறு கேள்விகள். அவை நியாயமான கேள்விகள். இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தபோதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்பையே காரணமாகச் சொன்னது. திட்டம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நம்மிடையே இருக்கலாம். ஆனால் "நியூட்ரினோ வந்தால் கதிர்வீச்சால் அழிவோம்" என்பது அறிவியல் அல்ல. உண்மையான காரணம் இருக்கும்போது இல்லாததைச் சொன்னால், இருப்பதன் மதிப்பும் குறைந்துவிடும்.

அளவே முக்கியம்

உடலில் படும் கதிரை மில்லி சீவர்ட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். மண், பாறை, காற்று, உணவு, வானம் இவற்றிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. ஏறத்தாழ இரண்டு வார இயற்கைக் கதிருக்குச் சமம். வயிற்று சி.டி. ஸ்கேன் ஒன்றுக்கு 8 முதல் 10 வரை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சமம். ஆகவே, "எந்த வகை? எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகளையும் எப்போதும் கேளுங்கள்.

நம் வீட்டுக்கு வேண்டியவை

* கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கதிர்வீச்சே அல்ல, ஓசை அலை. எம்.ஆர்.ஐ. காந்தமும் ரேடியோ அலையும். எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் முன் மட்டும், கர்ப்பம் இருந்தாலும் சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்து அடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். தேவையில்லாமல் திரும்ப எடுப்பது மிச்சமாகும்.

* புற்றுநோய்க்கு வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர் கொடுத்தால், அறையைவிட்டு வந்ததும் நோயாளியின் உடலில் கதிர் எதுவும் மிஞ்சாது. அவர் பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே சஹனில் சாப்பிடலாம். அவருக்குத் தட்டையும் பாயையும் தனியாக வைப்பது அறியாமை. அது நோயை விடப் பெரிய வேதனை. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர் மட்டும், டாக்டர் சொல்லும் சில நாள்கள் விலகியிருக்க வேண்டும். சொன்ன நாள்கள் முடியும்வரை சிகிச்சையை நிறுத்தாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சைக்கும் இடமுண்டு.

* செல்போன் அலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் "இருக்கக்கூடும்" என்ற வகையில்தான் வைத்தது; உறுதி என்று சொல்லவில்லை. டவரை விடக் காதோடு ஒட்டிய போனிலிருந்துதான் தலைக்கு அதிகம் படுகிறது. மலையில் சிக்னல் குறைந்த இடத்தில் போன் கூடுதல் சக்தியோடு இயங்கும். ஸ்பீக்கரில் போட்டுச் சுருக்கமாகப் பேசுவது எளிய வழி.

* ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே வேலைக்குப் போகும் சகோதரிகளே, உயரம் கூடக் கூடப் புற ஊதாவும் கூடும். குளிர்கிறது என்பதால் வெயில் இல்லை என்று ஆகாது. முக்காடும் முழுக்கைச் சட்டையும் உதவும்.

* வெல்டிங் பட்டறைப் பிள்ளைகள் கண்ணாடிக் கவசம் இல்லாமல் ஒருபோதும் வேலை செய்யக்கூடாது. அந்தச் சுடரிலும் புற ஊதா உண்டு.

* பழைய இரும்பு வியாபாரிகள் கவனிக்கவும். 2010இல் டில்லி மாயாபுரியில், ஏலத்தில் விட்ட பழைய ஆய்வகக் கருவியைப் பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதன் காமா கதிரால் ஒரு தொழிலாளி இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற குறி இருந்தாலோ, காரணமின்றி ஈயம் பொதிந்த கனத்த டப்பா வந்தாலோ, பிரிக்காமல் விலகி நின்று போலீஸுக்குத் தெரிவியுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் இந்த ஏழு அலைகளின் வரிசையை மனப்பாடம் செய்து வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். எல்லோருக்கும் அல்லாஹ் பயனுள்ள கல்வியையும் உடல் நலத்தையும் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்