இறால் பண்ணைகளும் மூலிகை மருந்தும்

மும்பையின் விக்ரோலிப் பகுதியில், தாணே கழிமுகத்தை ஒட்டிக் கண்டல் காடு வளர்ந்துள்ளது. மண்ணரிப்பைத் தடுப்பதும் மீன், இறால் குஞ்சுகளுக்குப் புகலிடம் தருவதும் இக்காட்டின் நன்கறியப்பட்ட பயன்களாகும். இத்தகைய தாவரங்களிலிருந்து பண்ணை இறாலின் வைரஸ் நோய்க்கு மருந்தும் கிடைக்குமா என்பது ஆராயத்தக்கது.

நோயின் தன்மை

நம் நாட்டின் இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் 1994ஆம் ஆண்டு தோன்றியது. நோய் கண்ட குளத்தில் 3 முதல் 10 நாட்களுக்குள் இறால் முழுவதும் மடியக்கூடும். கடன் பெற்றுக் குஞ்சும் தீவனமும் வாங்கிய சிறு விவசாயிக்கு இது ஒரு பருவத்தின் இழப்பு மட்டுமன்று. அடுத்த பருவத்திற்கான முதலும் இதில் கரைந்துவிடுகிறது.

ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகள் வைரசை அழிப்பதில்லை. அவற்றின் எச்சம் இறாலில் தங்கினால் ஏற்றுமதிச் சரக்கு திருப்பி அனுப்பப்படுகிறது. முதுகெலும்பற்ற இறாலின் உடலில் எதிர்ப்பொருள்கள் உண்டாவதில்லை. எனவே வழக்கமான தடுப்பூசி முறையும் இதற்குப் பொருந்தாது.

ஆய்வின் முடிவுகள்

வேலூரை அடுத்த மேல்விஷாரத்திலுள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள், 20 மூலிகைகளைச் சோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் அருகம்புல்லின் நீர்ச்சாறு சிறந்த பலன் தந்தது. தீவனத்தில் 2 சதவீதம் சேர்த்துக் கொடுத்தபோது இறால்கள் நோயிலிருந்து காக்கப்பட்டன. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல், செரியோப்ஸ் என்னும் கண்டல் தாவரத்திலும் இத்தகைய ஆற்றலைக் கண்டனர்.

செலவுக் கணக்கு

ஆய்வுக்கூடத் தொட்டியும் பண்ணைக் குளமும் ஒன்றல்ல. ஒரு ஹெக்டேரில் 5 டன் விளைச்சல் எனவும், ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் எனவும் கொள்வோம். தீவனத் தேவை 7,500 கிலோ. அதில் 2 சதவீதம் 150 கிலோ சாற்றுப்பொருள். உலர்ந்த புல்லிலிருந்து பத்தில் ஒரு பங்கே சாற்றுப்பொருளாகக் கிடைக்குமாயின், ஒரு பருவத்திற்கு ஒன்றரை டன் உலர்புல் வேண்டும். அதைச் சேகரிக்கும் கூலியையும் பிரித்தெடுக்கும் செலவையும், தவிர்க்கப்படும் இழப்புடன் ஒப்பிட்ட பின்னரே இம்முறை இலாபகரமானதா எனக் கூற இயலும்.

கண்டல் தாவரங்களைப் பொறுத்தவரை வேறொரு தடையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் கண்டல் காடுகளை அழிப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் தடை விதித்தது. மருந்துக்காகக் காட்டை வெட்டுவது, குஞ்சுகளின் புகலிடத்தை அழித்துக் குளத்து இறாலைக் காப்பதாகவே முடியும்.

அலுவலர் கவனத்திற்கு

“மூலிகை” என்னும் பெயர் மட்டுமே ஒரு மருந்துக்குச் சான்றாகாது. அதைப் பரிந்துரைக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: குளத்தில் அது சோதிக்கப்பட்டதா? ஒவ்வொரு தொகுதியிலும் மருந்துப்பொருளின் அளவு சீராக உள்ளதா? செலவு எவ்வளவு? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, நோயற்ற குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தல், நீரைச் சுத்திகரித்தல், நோயுற்ற குளத்து நீரை வெளியேற்றாதிருத்தல் ஆகியவையே சிறு விவசாயியின் உறுதியான பாதுகாப்பாகும்.