ரேம் காலியாக இருந்தால் போன் பறக்குமா?

நம்பிக்கை: பின்னணியில் கிடக்கும் ஆப்களை அடிக்கடி மூடினால் போன் வேகமாகும், பேட்டரியும் மிச்சமாகும்.

உண்மை: இரண்டும் நடக்காது. 2016 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளர் இதே கேள்வியை ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பதில் எழுதினார்: தான் அப்படி மூடுவதுமில்லை, அதற்குத் தேவையுமில்லை. ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே வழிமொழிந்தார்.

அண்மையில் திறந்த ஆப்களின் பட்டியலில் தெரிபவற்றில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. விட்ட இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவை. ரேமில் இடம் பிடித்திருக்கும், ஆனால் பிராசஸருக்கு வேலை கொடுக்காது. இடம் போதாமல் போனால், நெடுநேரம் தொடாத ஆப்பை ஆண்ட்ராய்டே வெளியேற்றிவிடும். நாமாக மூடிவிட்டால் அடுத்த முறை அதை ஸ்டோரேஜிலிருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் நேரமும் பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். ஹேங் ஆன ஆப்பையும், வழிகாட்டிக்கொண்டே இருக்கும் மேப்பையும் மூடுங்கள், அது சரி. ‘ரேம் கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று வரும் ஆப்கள் செய்வது இதே வேண்டாத வேலையைத்தான், அதுவும் விளம்பரம் காட்டிக்கொண்டு. இன்றே நீக்கிவிடலாம்.

நம்பிக்கை: ரேம் நிறைந்திருந்தால் ஆபத்து.

உண்மை: காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. லினக்ஸும் விண்டோஸும் மிச்ச இடத்தில், அண்மையில் திறந்த கோப்புகளை வைத்துக்கொள்கின்றன. வேறு புரோகிராம் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் ‘கேஷ்டு’ என்று தெரிவது இதுதான். உண்மையான பற்றாக்குறைக்கு அடையாளம் வேறு: குரோமில் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி லோடாகும், வேர்டுக்கு மாறவே சில நொடி பிடிக்கும், டிஸ்க் பயன்பாடு உச்சத்திலேயே நிற்கும்.

நம்பிக்கை: ‘8 ஜிபி + 8 ஜிபி’ என்று போட்டிருந்தால் 16 ஜிபி ரேம்.

உண்மை: போன் கடைகளில் இன்று அதிகம் ஏமாற வைக்கும் கணக்கு இது என்பேன். கூட்டப்படும் அந்த 8 ஜிபி ரேமே அல்ல. உங்கள் ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்த பகுதி. ரேம் சுமார் 100 நானோ நொடியில் பதில் சொல்லும். போனில் இருக்கும் ஃபிளாஷ் ஸ்டோரேஜுக்குப் பல பத்து மைக்ரோ நொடிகளாவது வேண்டும், அதாவது பல நூறு மடங்கு தாமதம். பின்னணி ஆப்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும், அவ்வளவே பலன். பதிலுக்கு ஸ்டோரேஜ் குறையும். திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் ஃபிளாஷ் தேய்மானமும் கூடும். 4 ஜிபி போனில் இந்த வசதி சிறிது கைகொடுக்கலாம். ரேம் 8 ஜிபி இருந்தும் ஸ்டோரேஜ் 128 ஜிபிதான் என்றால் அதை அணைத்துவிடுங்கள். அந்த இடம் உங்கள் படங்களுக்கு உதவும். இரண்டு போன்களை ஒப்பிடும்போது கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

நம்பிக்கை: விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

உண்மை: அது விண்டோஸை நிறுவுவதற்கான குறைந்தபட்ச அளவு. அதில் ஆன்லைன் வகுப்பையும் பத்து டேப்களையும் சேர்த்துத் திறந்தால் பிள்ளைக்குப் பாடத்தைவிடக் காத்திருப்பதே வேலையாகிவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான பங்கும் இதே ரேமிலிருந்துதான் போகும். பாடம், வேர்டு, எக்செல், உலாவல் ஆகியவற்றுக்கு 8 ஜிபி அடிப்படை. வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்றால் 16 வேண்டும். 2024-இல் ஆப்பிள் புதிய மேக்குகளின் தொடக்க அளவை 16 ஜிபி ஆக்கியது. மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கும் 16தான் குறைந்தபட்சம்.

பழைய லேப்டாப்பில் இன்னும் ஹார்டு டிஸ்க் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் கூட்டுவது அதற்குப் பிறகு.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, கூடுதலாகப் போட ஸ்லாட் இருக்கிறதா? மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லாட் இருப்பதில்லை. அவற்றில் 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.