கத்திரி வெயிலும் மார்பகத் தையலும்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் மார்பின் அடி மடிப்பில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் கீறி, பால் சுரப்பிக்கோ நெஞ்சுத் தசைக்கோ பின்னால் சிலிகோன் பையை வைத்துத் தைக்கிறார்கள். உடம்பில் வியர்வை தேங்கும், காற்றுப் படாத இடங்களில் ஒன்று அந்த மடிப்பு. சங்கரன்கோவில் போன்ற கரிசல் சீமையில் கோடைச் சிகிச்சையைப் பற்றி எழும் பயங்களில் பாதி இந்த மடிப்பைச் சுற்றியே பிறக்கின்றன.

“வெயில் காலத்தில் கத்தி வைத்தால் புண் சீழ் பிடிக்கும்” என்பது முதல் நம்பிக்கை. இதில் துளி உண்மை உண்டு. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வெப்பமான மாதங்களில் அறுவைப் புண்ணில் தொற்று ஓரளவு கூடுவதைக் கண்டார்கள். ஆனால் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டிய அளவு கூடுதல் அல்ல அது. சுத்தமாகத் தைத்த புண்ணின் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு நாளில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கெடுதல் செய்வது வெயிலைவிட ஈரம்தான். வியர்வையில் ஊறிய தோல் நைந்து வெளுக்கும். வியர்க்குருவும் படர்தாமரையும் அங்கே குடியேறும்.

அதனால்தான் “தையல் பிரிக்கும்வரை தண்ணீர் படக் கூடாது” என்ற கட்டுப்பாடு கோடையில் பெருந்தீங்கு. பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டு மூன்று நாளிலேயே உடம்புக்கு ஊற்றிக்கொள்ள அனுமதிக்கிறார்கள். தோளிலிருந்து தண்ணீர் வழியவிட்டு, பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, மார்பை லேசாகத் தூக்கி மின்விசிறிக் காற்றில் மடிப்பை உலரவிட்ட பிறகே உள்ளாடை அணிய வேண்டும். பவுடர் வேண்டாம்; ஈரத்தோடு சேர்ந்து தையலில் அப்பிக்கொள்ளும். ஊற்றிக் குளிப்பது வேறு, மூழ்கிக் குளிப்பது வேறு. கிணறு, குளம், சுனை எல்லாம் சில வாரங்களுக்கு ஆகாது. சித்திரையில் சிகிச்சை செய்துகொண்டவர் ஆனிச் சாரலுக்குக் குற்றாலம் போகலாம். அருவி நெஞ்சில் அறைய நிற்பதற்கு மட்டும் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண் பிரசாதம் தோல் நோய்க்கு மருந்தென்று தலைமுறைகளாக நம்பப்படுகிறது. நெற்றியில் இட்டுக்கொள்வதால் புண்ணுக்கு ஒன்றும் ஆகாது. தையலின் மேல் பூசுவது ஆபத்து. எந்த மண்ணிலும் கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். ரணஜன்னிக் கிருமியின் இருப்பிடமே மண். அந்தத் தையலுக்கு அடியில் இருப்பது உயிரற்ற பை. அதன்மேல் கிருமி படிந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. பையையே எடுக்க நேரிடும். மஞ்சளுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இதே விடைதான்.

மல்லிகையின் கதை இன்னும் நுட்பமானது. பூ விளையும் ஊர்களில் பால் வற்ற மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டு 1988-இல் வெளியான ஆய்வு, பூவுக்கு அந்த ஆற்றல் உண்டென்றே சொன்னது. ஆகவே பாட்டிமார் சொன்னது வெறும் கற்பனை அல்ல. ஆனால் அறுவைக்குப் பின் வரும் வீக்கம் பால் கட்டு அல்ல. திசுவில் ஊறிய நீர். அது வாரக்கணக்கில் தானாகத்தான் வடியும். ஈரப் பூவைக் கட்டினால் மடிப்பு மேலும் நசநசக்கும். ஐஸ் கட்டியிலும் வெந்நீர் ஒத்தடத்திலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. மார்பின் தோல் மாதக்கணக்கில் மரத்திருக்கலாம் என்பதால், சுடுவதும் உறைவதும் உறைக்காமலே தோல் வெந்துபோகும்.

“கத்திரி வெயிலில் சிலிகோன் உருகிவிடும்” என்பது முழுப் பொய். 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைக்கும் கேக் அச்சுகளே சிலிகோனில்தான் வார்க்கப்படுகின்றன. வெளியே 40 டிகிரி காய்ந்தாலும் உடம்பின் உட்சூடு 37-ஐ ஒட்டியே நிற்கும். முதல் சிலிகோன் பைகள் 1962-இல் பொருத்தப்பட்டதே ஹூஸ்டனில்; கோடை கொளுத்தும் டெக்சஸ் மாநிலத்து நகரம் அது.

முட்டை, பருப்பு, மீன் ஆகியவை சூடு, புண்ணைக் கிளறும் என்று பத்தியம் வைப்பதும் தவறு. புண் ஆறப் புரதம் வேண்டும். தண்ணீரும் மோரும் இளநீரும் குறைந்தால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் வரும். முக்கினால் நெஞ்சுத் தசை இழுபடும். புழுக்கம் தாங்காமல் தாங்கு உள்ளாடையைக் கழற்றிப்போடுவதும் கூடாது. மருத்துவர் சொன்ன வாரங்கள்வரை, பெரும்பாலும் ஆறு வாரம், இரண்டு மூன்று உருப்படிகளை மாற்றி மாற்றி அணிவதே வழி.

இது நடிகைகளுக்கான சிகிச்சை என்ற எண்ணமும் உண்மையல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் இதை இலவசமாகவே வழங்கத் தொடங்கினார்கள். பிறவியிலேயே ஒரு மார்பு வளராதவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் ஊர் திரும்புகிறவர் மேல் பெர்த்துக்குக் கையூன்றி ஏறக் கூடாது. கீழ் பெர்த் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் அதைவிடப் பெரிய சோதனை குடம். நிறைகுடம் 12 கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு முதல் ஆறு வாரம் அதைத் தொடவே கூடாது. சிகிச்சையை மறைக்க நினைக்கிற பெண் மூன்றாம் நாளே குடத்தோடு குழாயடிக்குப் போகிறாள். தையல் விடுவதற்கு வெயிலைவிட இந்த மறைப்பே பெரிய காரணமாகிவிடும். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை “சூட்டுக் காய்ச்சல், தானாகத் தணியும்” என்பது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பக்க மார்பு மட்டும் திடீரென்று கல்லாய் இறுகி வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். கெண்டைக்கால் வலியோடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்த உறைவாக இருக்கலாம். இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே 108-ஐ அழைக்க வேண்டும்.